தாவணி கட்டிய கேக்

அமெரிக்காவில் இருக்கும் என் பெரியப்பா மகன் தன் பெண்ணுக்குச் சடங்கு வைப்பதென்று தீர்மானித்தபோது, அவள் வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வந்த சமயத்தில் அங்கே பனிக்காலம். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, பெண்ணுக்குப் பரீட்சை. அதனால் சடங்கு ஒரு கோடை தாண்டி மறு கோடை விடுமுறைக்குத் தள்ளிப்போனது.

எங்கள் ஊர் ஆந்திராவில், சத்தியவேட்டுக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சடங்கு என்றால் எங்களுக்குப் பந்தல், தாய்மாமன் சீர், பந்தி, அவ்வளவுதான். அண்ணன் அடித்த பத்திரிகையிலோ ‘ஹாஃப் சாரி ஃபங்ஷன்’ என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் போட்டிருந்தது. இடம் திருப்பதியில் ஏசி கல்யாண மண்டபம். “அங்க எல்லாரும் இப்பிடித்தான் பண்றாங்க” என்றார். பக்கத்துத் தெருத் தெலுங்குக்காரர்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ளாததை அவர் அமெரிக்கா போய்க் கற்றுக்கொண்டு, திருப்பதிக்கே திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

கேக் என் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பு எங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டையில் செல்போன் பாகங்களைப் பொருத்தும் கம்பெனியில் வேலை பார்த்தேன். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த பிறகு, அதே செல்போனைப் பார்த்து கேக் செய்யக் கற்றுக்கொண்டேன். ஃபாண்டன்ட் என்று ஒன்று உண்டு. சர்க்கரையைப் பொடித்துச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்துக் கேக்கின் மேல் போர்த்துவது. இழுத்துப் பிடித்து ஒட்டாமல், துணியை விடுவது போலத் தளர விட்டால் மடிப்பு மடிப்பாக விழும். அதுதான் எனக்குக் கைவந்தது.

அண்ணி வீடியோ காலில் பெண்ணின் துணியைக் காட்டினார். கிளிப்பச்சைப் பாவாடை, ராணி கலர் தாவணி, ஜரிகைக் கரை.

“அப்பிடியே துணி மாதிரி இருக்கணும். பாத்தா யாரும் கேக்குன்னு சொல்லக் கூடாது.”

அப்படியானால் கேக் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஆர்டர் கொடுப்பவர்களிடம் அதைக் கேட்கக் கூடாது.

எங்கள் வீட்டில் ஏசி இருந்தது படுக்கையறையில் மட்டும். கோடை வெயிலில் சர்க்கரைத் துணி வியர்க்கும் என்பதால் கேக்கை அங்கே வைத்தேன். என் வீட்டுக்காரர் வெளியே ஃபேனுக்கடியில் படுத்தார். “யாருக்குச் சடங்குன்னே புரியல” என்றார்.

விழா அன்று கேக்கை மேடைக்குக் கொண்டுபோய், பூ அலங்காரத்துக்கு முன்னால் வைத்தேன். இரண்டு அடுக்கு. மேலடுக்கிலிருந்து ராணி கலர் தாவணி சாய்ந்து இறங்கிக் கீழே குவிந்திருந்தது. பின்பக்கம் யாரும் பார்க்கப் போவதில்லை என்று அங்கே வெறும் கிரீமோடு விட்டிருந்தேன். மண்டபத்துக் கதவுகள் ஓயாமல் திறந்துகொண்டிருந்ததில் ஏசி என்று பேர்தான். தாவணி லேசாக வியர்த்து மினுமினுத்தது. நான் பயந்துபோனேன். போட்டோகிராபர், “பட்டு மாதிரியே உந்தி, மேடம்” என்று பாதித் தெலுங்கில் பாராட்டினார்; பட்டு மாதிரியே இருக்கிறதாம்.

எங்கள் அத்தை, அதாவது என் அப்பாவின் தங்கை, கார்வேட்டிநகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். நேரே கேக்கிடம் வந்து, ஜரிகைக் கரையைக் கடையில் பார்ப்பது போல இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா துணிடி இது?”

“சக்கரை, அத்தை. உள்ள கேக்கு.”

“முட்ட போட்டியா?”

“போடல.”

“காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணுவியா?”

பண்ணுகிறேன் என்றேன். எங்கள் பக்கத்தில் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். அத்தை திருப்தியாக உட்கார்ந்தார். அண்ணி ரிப்பன் கட்டிய கத்தியோடு வந்தபோதுதான் மறுபடி எழுந்தார்.

“கத்தி எதுக்கு?”

“கேக் வெட்ட, அத்தை.”

“நல்ல காரியத்துல பொண்ணோட தாவணிய கத்தியால வெட்டுவியா நீ?”

அண்ணி சமாளித்தார். “சரி, தாவணிய மட்டும் மெதுவா உரிச்சிட்டு உள்ள வெட்டிக்கலாம்.”

“ஊரே ஒக்காந்துகினு பாக்குது. அது எதிர்ல உருவப் போறியா?” என்றார் அத்தை.

வெட்டவும் முடியாது, உரிக்கவும் முடியாது. அண்ணன் புரோகிதரிடம் ஓடினார். அவர் அடுத்த மண்டபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சாஸ்திரத்தில் கேக்கே இல்லை, ஆகவே எதைச் செய்தாலும் தோஷமும் இல்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அண்ணனுக்கு அது போதவில்லை. கேக் வெட்டுவதைப் பார்க்க அமெரிக்காவில் தூங்காமல் காத்திருந்த நண்பர்களிடம் செல்போனிலேயே யோசனை கேட்டார். ஒருவர் மரபை மதிக்க வேண்டும் என்றார். இன்னொருவர் என்ன ஃபிளேவர் என்று கேட்டார்.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் ஒட்டியாணமும் தலைநிறையப் பூவுமாக நின்றுகொண்டிருந்தாள். மேக்கப் கலையும் என்று காலையிலிருந்து அவளுக்கு யாரும் சாப்பாடு கொடுக்கவில்லை. அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேக்கைச் சுற்றிப் பின்னால் போனாள். எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் இங்கிலீஷில் கேட்டாள், இந்தப் பக்கம் வெறும் கேக்தானே என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் கையாலேயே ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள்.

அண்ணி பதறினார். அத்தை கையமர்த்தினார்.

“பசிக்குத் துன்னுது. வுடு. தாவணி மேல கை படலியே.”

அதோடு வழக்கு தீர்ந்தது. நான் பின்னால் நின்று ஸ்பூனால் தோண்டித் தோண்டிப் பேப்பர் தட்டில் போட்டேன். வந்தவர்கள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, பின்னால் வந்து தட்டை வாங்கிப் போனார்கள். போட்டோகிராபர் பெண்ணின் கையில் கத்தியைக் கொடுத்து, “தெக்கர பெட்டு அம்மா, தகலொத்து” என்றார். பக்கத்தில் வைக்க வேண்டும், படக் கூடாது. அவள் படாமல் வெட்டினாள், எல்லாரும் கை தட்டினார்கள். உள்ளே காலியாகிக்கொண்டே வந்ததால் தாவணி சரியாமல் இருக்கச் சீர்வரிசையிலிருந்த ஒரு சின்ன எவர்சில்வர் குடத்தை எடுத்து முட்டுக் கொடுத்தேன். கடைசிப் பந்தி முடியும்போது மேடையில் குடத்துக்குத்தான் சடங்கு நடந்தது.

தாவணியை என்ன செய்வது என்று அண்ணி கேட்டார். அத்தை அதைத் தாம்பாளத்தில் வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்துத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு அதற்கு.

சில நாள் கழித்து போன் செய்தார்.

“சாமி ரூம்ல வெச்சேன். எறும்பு மொய்ச்சிகினு கீது. மருந்து அடிக்கட்டா?”

“அடிக்காதீங்க, அத்தை. துன்னுடுங்க.”

“தாவணியவா?”

கடைசியில் கோயில் குளத்தில் விட்டாராம். மீன்கள் கூட்டமாக வந்தன என்று சந்தோஷமாகச் சொன்னார்.

விழா வீடியோ அமெரிக்காவைச் சுற்றி இங்கேயும் வந்ததில் எனக்கு ஆர்டர்கள் வந்தன. சித்தூரில் ஒரு வளைகாப்புக்குப் பட்டுப்புடவை கேக் கேட்டார்கள். இந்த முறை முதலிலேயே, வெட்டுவீர்களா மாட்டீர்களா என்று கேட்டுவிட்டேன்.

“வெட்றதுக்கு வேற கேக் சொல்லிட்டோம்” என்றார் அந்தம்மா. “இது சும்மா வெக்கறதுக்கு.”

தெர்மாகோலை அடுக்கி அதன்மேல் சர்க்கரைப் புடவை கட்டிக் கொடுத்தேன். அப்புறம் வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். முட்டை போட்டாயா என்று இப்போது யாரும் கேட்பதில்லை.