சாம்பல் ஏறிய தாளில் அவள் நிறம்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், அதுவும் மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தைப் பழைய செய்தித்தாள்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்னும் தடுமாறுவேன். தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன்தான், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் இருட்டறை வேலை பார்த்தேன். படம் எடுப்பது முதலாளி. பிலிமைக் கழுவி, பெரிதாக்கி, தாளில் கொண்டுவருவது நான். கலர் லேப் வந்ததும் அந்த வேலை போயிற்று. அன்றிலிருந்து சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிறேன்.

முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு.

"பெண்ணு வெளுக்கணும், கேட்டோ. கறுத்துப் போனா வீட்டுக்காரங்க படத்தைத் திருப்பிக் கொண்டு வருவாங்க."

பெரிதாக்கும் விளக்குக்குக் கீழே தாளை வைத்து, வாய்க்குள் எண்ணுவேன். பன்னிரண்டு எண்ண வேண்டிய முகத்துக்கு எட்டிலேயே விளக்கை அணைப்பேன். வெளிச்சம் குறைந்தால் தாளில் முகம் வெளுக்கும். எத்தனையோ மணப்பெண்களை அப்படி வெளுக்க வைத்திருக்கிறேன்.

எங்கள் கல்யாணம் முடிந்த வாரம், முதலாளி என் மனைவியைத் தனியாக உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். அவள் நல்ல கறுப்பு. பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நான் ஏழிலேயே நிறுத்தினேன். படத்தைக் கையில் வாங்கியவள் சிரித்தாள்.

"நல்லா இருக்கே. யாரு இவ?"

படம் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் போயிற்று. சுவருக்கு வரவே இல்லை. நெகட்டிவை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். அவள் விரும்பி மாட்டுகிற மாதிரி ஒரு படம் செய்து கொடுக்க வேண்டும் என்ற ஆசை இருபது வருடத்துக்கு மேலாக உள்ளே கிடந்தது.

இந்த வருடம் முதலாளியின் மகன் ஸ்டுடியோ மாடியைக் காலி செய்தார். என்னைக் கூப்பிட்டார்.

"சேட்டா, என்லார்ஜரும் ஒரு பெட்டி பேப்பரும் கிடக்கு. வேணுமா? இல்லேங்கில் பழைய இரும்புக்காரன் கொண்டு போகும்."

அந்தப் பெரிதாக்கும் விளக்கையும் தாள் பெட்டியையும் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பெட்டியில் கறுப்பு உறைக்குள் பதினோரு தாள்கள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளியலறை ஜன்னலைச் சாக்கும் கறுப்புத் துணியும் வைத்து அடைத்தேன். தாளைக் கெடுக்காத சிவப்பு விளக்கு போட்டேன். முதலில் ஒரு தாளின் ஓரத்தைக் கிழித்து, வெளிச்சமே காட்டாமல், படத்தை எழுப்புகிற டெவலப்பர் மருந்தில் போட்டேன். நல்ல தாள் என்றால் வெள்ளையாகவே கிடக்கும். இது சாம்பல் நிறமாயிற்று. வயசான தாள் அப்படித்தான். டெவலப்பரில் கொஞ்சம் புரோமைடு கலந்தேன். சாம்பல் குறைந்ததே தவிரப் போகவில்லை.

ஆனாலும் படம் போட்டேன். பழைய தாள் வெளிச்சத்தை மெதுவாகத்தான் வாங்கும் என்று கணக்குக் கூட்டித்தான் எண்ணினேன். ஆனால் பழகின கை, முகம் வெளுக்கட்டும் என்று முன்னாலேயே அணைத்துவிட்டது. மூன்று தாளிலும் அவள் முகம் விபூதி பூசின மாதிரி மங்கிக் கிடந்தது. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை.

மனைவி கதவைத் தட்டினாள்.

"குளிமுறியில என்ன செய்யறீங்க இவ்வளவு நேரமா? அலக்கத் துணி கிடக்கு!"

"திறந்துடாதே! வெளிச்சம் வந்துடும்."

"வெளிச்சம் வந்தா என்ன, உருகிடுவீங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது. ஈரத் தரையில் உட்கார்ந்து அந்த மூன்று படங்களையும் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. வெள்ளையே இல்லாத தாளில் யாரையும் வெளுக்க வைக்க முடியாது. முதலாளியின் சட்டம் இதில் செல்லாது.

நாலாவது தாளை வைத்தேன். எண்ணினேன். கை சுவிட்சுக்குப் போயிற்று, இழுத்துக்கொண்டேன். முழுவதும் எண்ணி முடித்த பிறகே அணைத்தேன்.

டெவலப்பரில் முதலில் கூந்தல் வந்தது, கறுகறுவென்று. பிறகு புருவம். பிறகு கன்னம், நான் தினமும் பார்க்கிற அதே நிறத்தில், எண்ணெய் தேய்த்த மாதிரி மினுக்கத்தோடு. சாம்பல் எல்லாம் சேலையின் வெள்ளையிலும் பின்னால் இருந்த திரையிலும் தங்கிவிட்டது. ஓரம் மட்டும் கறுத்திருந்தது. அதை வெட்டி எறிந்தேன்.

கழுவி, துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன். துணி வாளியோடு வந்தவள் நின்றுவிட்டாள். வாளியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் அலமாரியிலிருந்து பழைய படத்தை எடுத்து வந்து, இதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இவளை நான் கண்ணாடியில பார்த்திருக்கேன்."

"அப்ப அது?"

"அது உங்க முதலாளிக்கு வேண்டப்பட்டவ."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ஏழோட நிறுத்திட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, ஈரக் கையால் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

மறுநாள் நான் கிடங்கிலிருந்து வந்தபோது படம் முன்னறைச் சுவரில் இருந்தது. சட்டம் போட்டு, ஆணி அடித்து, எல்லாம் அவளே செய்திருந்தாள். யார் வந்தாலும் அதன் கீழேதான் சாயா கொடுக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி, எடுத்தது யார் என்று கேட்டாள்.

"எடுத்தது வேற ஆளு. உண்டாக்கினது இவரு."

நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்றால் நன்றாகக் கேட்கும்.

இன்னும் ஏழு தாள்கள் இருக்கின்றன. மழையால் கிடங்கு இன்று திறக்கவில்லை. அதனால் எழுதி முடித்தேன்.

கர்க்கடகம், அதாவது ஆடி, ஒன்பது, வெள்ளிக்கிழமை.