பதினேழு வயதுச் சட்டை

என் சித்தப்பா பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்தார். தங்கவயலில் ஆண்கள் பூமிக்குள் இறங்கிச் சாவதைப் பார்த்துப் பயந்துபோன குடும்பம், ஒருவனாவது மேலே நின்று பிழைக்கட்டும் என்று அவரைக் கப்பலுக்கு அனுப்பியது. வங்கதேசச் சண்டையில் அந்தக் கப்பல் மூழ்கியது. ஆள் கிடைக்கவில்லை. நான் பிறப்பதற்கு முந்தைய கதை இது.

தந்தி வந்த அன்று என் அத்தை, அவருடைய அக்கா, நேராக ஓடிப்போய் மாரிகுப்பத்தில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் நின்றாளாம். எங்கள் ஊரில் ஓர் ஆள் வரவில்லை என்றால் எல்லாரும் அங்கேதான் போய் நிற்பார்கள். அவளுக்கு வேறு இடம் தெரியவில்லை. தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் பின்னாலேயே போய் நின்றிருக்கிறார்கள். கடலில் போனவனுக்கு இங்கே எதற்கு நிற்கிறோம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் கூண்டு மேலே வந்தது. அதிலிருந்து முழுசாக இறங்கிய என் தாத்தா கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து தம்பிக்குப் படையல் போட அத்தை யாரையும் விடவில்லை. படைத்துவிட்டால் அவன் செத்தவன் ஆகிவிடுவான் என்பது அவள் கணக்கு. போன மாதம் பெங்களூரில் அவளுக்கு இதய ஆபரேஷன் என்று நாள் குறித்ததும் மனசு மாறிவிட்டது. தான் திரும்பி வராவிட்டால் அவனுக்குச் செய்ய ஆள் இல்லை என்று பயம். அன்றைக்கு நின்ற இடத்திலேயே முடித்துவிடலாம் என்றாள். கடலுக்கே கூட்டிப்போகிறேன் என்றேன். கடல் அவளுக்குப் பழக்கமில்லையாம்.

முதலில் புதுத்துணி. கடையில், பதினேழு வயசுப் பையனுக்கு என்றாள். டைட்டாகப் போடுவாரா, லூஸாகவா என்று கடைப்பெண் விசாரித்தாள். நான் நொந்துபோய், ஏதோ ஒன்று கொடும்மா என்றேன். பத்தவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம், ஆளையே கூட்டிவந்தால் இன்னும் நல்லது என்றாள். அத்தை பொறுப்பாகத் தலையாட்டினாள்.

சுரங்கத்தை மூடி வருஷக்கணக்காகிறது. ஷாஃப்டில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. வேலிக்கு வெளியே இலை போட்டோம். காவலாளி வந்து, சுரங்கத்தில் எந்த லெவலில் செத்தார் என்று கன்னடத்தில் கேட்டார். கடலில் என்றேன். சற்று யோசித்தவர், கீழேயும் தண்ணீர்தான், சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். லீவு நாள் இப்படிப் போகிறதே என்று எனக்கு எரிச்சல்.

கற்பூரம் ஏற்றப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் இலையருகே விரித்திருந்த சட்டையின் தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இது அவனுக்குப் பத்தாதுடா. இத்தினி வருஷத்துல வளர்ந்திருப்பான் இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டு கற்பூரத்தைத் திரும்ப டப்பாவில் போட்டேன். எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கடைக்கே திரும்பினோம். இப்போது என்ன சைஸ் வேண்டும் என்று கடைப்பெண் கேட்டாள். அத்தை என்னைப் பார்த்தாள்.

"எழுபது வயசு இருக்கும்மா. கொஞ்சம் தொப்பை போட்டிருக்கும்," என்றேன்.

தொப்பையெல்லாம் இருக்காது, நேவி உடம்பு என்று அத்தை திருத்தினாள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பெரிய சட்டை இருந்த கடைக் கவரை என் கையில் கொடுத்தாள்.

"பத்திரமா வெய்யி. நான் வர்ற வரிக்கும் படைச்சிடாத."