கர்த்தர் தோண்டாத குழி

எங்கள் போதகர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். யார் வீட்டுக்குள் தண்ணீர் விட வேண்டும், யார் வீட்டு வாசலோடு நிறுத்த வேண்டும் என்று கர்த்தருக்குத் தெரியும் என்பார். வல்லம் வடகாலில் ஏரி நிறைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று எனக்கும் தெரியும். பிறந்து வளர்ந்த ஊர். முன்பு வயல் வழியாகப் போனது. இப்போது வயலில் கம்பெனி நிற்கிறது, அதனால் ரோட்டு வழியாக வருகிறது. இதைச் சொல்ல ஒரு தரிசனமும் தேவையில்லை.

நான் மெஸ் நடத்துகிறவள். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி, கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதில் ஒரு அறையில் தூத்துக்குடிப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். சின்ன வயசு. அவள் கத்தோலிக்கம், அவன் எங்களைப் போலப் புராட்டஸ்டண்ட். இரண்டு வீட்டாரும் கைகழுவிவிட்ட கல்யாணம். அதனால் எங்கள் சபைதான் அவர்களுக்குத் தாய் வீடு, மாமியார் வீடு எல்லாம். இரண்டு பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். அவன் சாப்பிட்ட தட்டை அவள் வந்து கழுவுவாள். அப்படித்தான் அவர்கள் குடும்பம் நடந்தது.

கம்பெனி பஸ் நிற்கிற மேட்டுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில், ரோட்டோரமாக, வடிகாலுக்கென்று ஒரு குழி தோண்டியிருந்தார்கள். ஆளை முழுங்குகிற ஆழம். தோண்டியவர்கள் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். ஒரு கன்றுக்குட்டி அதில் விழுந்து செத்த பிறகு, என் வீட்டுக்காரர் நீளமான சவுக்குக் கம்பு ஒன்றைக் குழிக்குள் ஊன்றி, உச்சியில் என் சேலையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்துக் கட்டினார். “வேற துணியே கெடைக்கலியா ஒனக்கு? என் கல்யாணத்துக்கு எங்க அண்ணன் எடுத்த பொடவ அது” என்று அன்றைக்கு அவரை உண்டு இல்லை என்று ஆக்கினேன். ஆனால் அதற்குப் பிறகு யாரும் விழவில்லை. சிவப்புத் துணியைப் பார்த்தால் எல்லாரும் ஒதுங்கி நடந்தார்கள்.

புயல் வந்தது டிசம்பரில். சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது, விடவே இல்லை. மறுநாள் காலையில் அந்தத் தூத்துக்குடிப் பையன் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பி நின்றான். அவள்தான் வேலைக்குப் போகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்தால் பதிலுக்குக் கிறிஸ்மஸ் லீவு கிடைக்கும், ஊருக்குப் போய் மாமியார் காலில் விழுந்துவிடலாம் என்று அவளுக்கு ஆசை. அன்று சாயங்காலம் ஏரித் தண்ணீர் ரோட்டில் இடுப்பளவுக்கு ஓடியது. பஸ்ஸை மேட்டிலேயே நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டார்கள். அவன் தண்ணீரில் நடந்து வந்தான். கம்பு அங்கே இல்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகுதான் அவனைக் குழியிலிருந்து எடுத்தார்கள். கம்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஊரே சொன்னது. என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னார். நானும் நம்பினேன்.

அவர்கள் ஊரிலிருந்து யாரும் வரவில்லை. எங்கள் சபைக் கல்லறையில்தான் அடக்கம். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் போதகர் பேசினார். “ஓய்வுநாள்ல தேவனோட வீட்டுல இருக்க வேண்டிய பிள்ளை. வேற இடத்துக்குப் போயிடுச்சு. இந்த வெள்ளம் சும்மா வரலை ஜனங்களே. தேவன் நம்மகிட்ட பேசுறாரு.” சேற்றில் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பெட்டி முன்னால் வாய் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதோடு அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். நான் கொண்டுபோய் வைத்த ரசம் சோறு வைத்தபடியே ஆறிக் கிடக்கும். மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் மத்தியானம் வாயைத் திறந்தாள்.

“நான்தானக்கா போவச் சொன்னேன். அவிய கோயிலுக்குத்தான் கெளம்பி நின்னாவ. பாஸ்டர் நேத்து வந்தாவ. ஸ்தோத்திரக் கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால அறிக்க பண்ணச் சொல்லிருக்காவ. என் பாவந்தான் காரணம்னு சொல்லிட்டா கர்த்தர் மன்னிச்சிருவாராம்.”

“நீ இன்னா சொன்ன?”

“சரின்னுட்டேன்.”

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே அணைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். போதகர் மறைமலை நகரிலிருந்து காரில் வந்து போகிறவர். அன்று வெள்ளத்தில் ஊறிய பெஞ்சுகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார்.

“பாஸ்டர், கோயிலுக்குள்ளயுந்தான் முட்டி அளவு தண்ணி நின்னுச்சு. அது யாரு பண்ண பாவம்?” என்று கேட்டேன்.

“அது சோதனைம்மா.”

“நமக்கு வந்தா சோதனை, அவளுக்கு வந்தா தண்டனையா? நல்லா கீதே ஒங்க கணக்கு!”

அவர் முகம் சுருங்கியது. எனக்கும் வேதம் தெரியும், ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள். கோபுரம் இடிந்து விழுந்து செத்தவர்களைப் பற்றி ஆண்டவரே பேசியிருக்கிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று பதிலும் அவரே சொன்னார். அதைச் சொன்னேன்.

“மனந்திரும்புங்கன்னும் அதே இடத்துல சொன்னாரும்மா” என்றார்.

“ஆமா. நின்னு கேட்டுக்கினு இருந்த அத்தன பேரையும் சொன்னாரு. செத்தவன் பொண்டாட்டிய தனியா கூப்ட்டு சொல்லல.”

“உங்களுக்கு வாய் ஜாஸ்திம்மா. ஜெபம் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சைத் தூக்கப் போனார்.

ஜெபமா? பண்ணினேன். அரிசி களைந்துகொண்டே பண்ணினேன். நீ அனுப்பவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன், தடுத்தாயா? காற்றையும் கடலையும் அதட்டி அடக்கியவன்தானே, ஒரு ரோட்டுத் தண்ணீரை அதட்டினால் உனக்கு வாய் வலிக்குமா என்று கேட்டேன். அரிசியில் பாதி தரையில் சிந்திக் கிடந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு ஸ்தோத்திரக் கூட்டம். அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். கோயில் வாசலில் கம்பு நட்டு நட்சத்திரம் ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஏற்றுவதுதான், நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. என் வீட்டுக்காரர் சட்டென்று நின்றதால் பார்த்தேன். கம்பைச் சுற்றி ஒட்டியிருந்த கலர் பேப்பரை மழை ஊறவைத்து உரித்துப் போட்டிருந்தது. நட்சத்திரத்துக்குக் கீழே, முடிச்சோடு, என் கல்யாணச் சேலையின் சிவப்புத் துண்டு.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் சபையில் ஸ்தோத்திரக் கூட்டம் என்றால் குடும்பத்துக்கு ஒருவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். சொன்னார்கள். “தண்ணி எங்க வூட்டு வாசப்படியோட நின்னுச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!” “புது பைக்க முன்னாடியே மாடி ஏத்த புத்தி குடுத்தாரு, அல்லேலூயா!” புருஷனை மண்ணில் வைத்தவள் அத்தனையையும் கேட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவர்கள் பைக்கைக் காப்பாற்றிய கடவுளுக்கு அவள் புருஷன் கண்ணில் படவில்லையா? அதை அங்கே ஒருத்தருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

போதகர் அவளைக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். நான் அவளை உட்கார வைத்துவிட்டு எழுந்தேன்.

“மொதல்ல என் சாட்சி. வெளில நட்சத்திரம் கட்டிக்கீறீங்களே, அந்தக் கம்பு எங்கேந்து வந்துச்சு?”

கேட்டுவிட்டு நான் உட்காரவில்லை. கடைசியில் பின்வரிசை வாலிபர்களில் ஒருவன் எழுந்தான். “ரோட்டோரம் சும்மா நின்னுக்கினு இருந்துச்சுக்கா. நல்ல நீளமா இருக்கு, எடுத்துட்டு வாங்கன்னு பாஸ்டர் சொன்னாரு. குழிதான் கண்ணுக்குத் தெரியுதேன்னு நாங்களும் புடுங்கிட்டோம். மழைக்கு முந்தி, சனிக்கெழம.”

போதகருக்கு அப்போதுதான் புரிந்தது. “அது எதுக்கு நட்டதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“தெரியாதுதான். தெரியாம செஞ்சீங்க. இவளும் தெரியாமதான் போவச் சொன்னா. ஒங்களுக்கு மன்னிப்பு, இவளுக்கு பாவ அறிக்கையா? குழிய கர்த்தர் தோண்டல. கம்ப கர்த்தர் புடுங்கல. அவரு பேர இதுல இழுக்காதீங்க.”

“அப்ப மழைய அனுப்புனது யாரும்மா?”

நியாயமான கேள்விதான். “தெரியாது பாஸ்டர். செத்துப் போயி அவராண்டயே கேட்டுக்கிறேன். அவரு மேல எனக்கு கீற கோவத்த அவரு தாங்குவாரு. இந்தப் பொண்ணு தாங்க மாட்டா. இவ தலைல ஏத்த வுட மாட்டேன்.”

அவள் எழுந்து வெளியே போனாள். சபையே பின்னால் போனது. கம்புக்கு அடியில் நின்று அந்தச் சிவப்புத் துணியை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். அழுவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள், போதகர் மேல் மண்ணை வாரி எறிவாள் என்றெல்லாம் நினைத்தேன். எறிந்திருந்தால் நானும் ஒரு கை அள்ளியிருப்பேன்.

“அக்கா, அந்தக் குழிய மூடிட்டாவளா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. யாரு வந்தா மூட?”

“அப்ப இதப் புடுங்குங்க.”

“கிறிஸ்மஸ் முடியட்டும்மா, பண்டிகை நேரத்துல நட்சத்திரத்த எறக்கக் கூடாது...” என்று போதகர் இழுத்தார்.

அவள் திரும்பினாள். புருஷன் செத்த பிறகு அவள் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான். “இன்னைக்குச் சாயங்காலமும் பஸ் வரும்லா!”

நட்சத்திரத்தைக் கழற்ற யாருக்கும் பொறுமை இல்லை. வாலிபர்களும் என் வீட்டுக்காரரும் அப்படியே பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் குழிக்குள் ஊன்றினார்கள். போதகர் பாதி வழி வந்தார், அப்புறம் காணோம்.

சாயங்காலம் பஸ் வந்தது. இறங்கிய பிள்ளைகள், ரோட்டோரம் நட்சத்திரம் நிற்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஒதுங்கி நடந்தார்கள். அவள் மேட்டில் நின்று, கடைசி ஆள் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நேராக என் அடுப்படிக்கு வந்தாள்.

“அக்கா, சோறு இருக்கா?” என்றாள்.