கண்ணாடி வேண்டாமற்போன வருஷம்

ஒரு நாள் காலை கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பக்கம் தாண்டிய பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. பல வருஷமாக வெள்ளெழுத்து (கிட்டத்து எழுத்து மங்குவது) உள்ளவன் நான். ஐம்பத்திரண்டு வயதில் அது தானாக நீங்கினால் யார்தான் மகிழமாட்டார்கள்?

"தினம் பொன்னாங்கண்ணி பண்ணிப் போட்டது நான். பேர் வாங்கிண்டு போறது உங்க கண்ணு" என்றாள் மனைவி. மாட்டுங்காவில் எங்கள் கட்டடம் முழுவதும் அந்தக் கீரை அடுப்பேறியது. ஆபீசில் நானே வைத்தியம் சொன்னேன். தூரத்துப் பலகைகள் மங்கியதை வெயிலின் மேல் போட்டேன்.

அப்போது யுத்த காலம். ராணுவ லாரிகள் ஓயாமல் போகும். பள்ளி விட்டு வந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் வரலை, வா" என்று கிங்ஸ் சர்க்கிளில் சாலையில் இறங்கினேன். அவள் அலறி என்னைப் பின்னுக்கு இழுத்தாள். லாரி என் சட்டையை உரசிக்கொண்டு போயிற்று. கீழே விழுந்த குழந்தையின் முழங்காலில் ரத்தம்.

மறுநாள் முதல் என்னோடு சாலையைக் கடக்க அவள் மறுத்துவிட்டாள். அம்மா வந்தால்தான் பள்ளிக்கூடம்.

நான் போய்க் காட்டிய கண் டாக்டர் கோயமுத்தூர்க்காரர். கண்புரை (கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்குவது) என்றார். வயதாகி வில்லை இறுகும்போது சிலருக்குக் கொஞ்ச காலம் கண்ணாடியில்லாமல் படிக்க வருமாம், தூரப் பார்வை போய்விடுமாம்.

"அப்போ அந்தக் கீரை?"

"நல்லதுதானுங்க, உடம்புக்குச் சாப்பிடுங்க. வில்லையை நான் எடுத்துடறேன்."

வலக்கண்ணில் ஆபரேஷன், கட்டு இரண்டு கண்ணுக்கும். தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை. திரும்பக்கூடாது, இருமக்கூடாது. மனைவி ஊட்டிய கஞ்சியைக் கொண்டுதான் பகல் இரவு அறிந்தேன்.

ஐம்பதுக்கு மேல் உங்களுக்கும் திடீரென்று கண்ணாடி வேண்டாமற்போனால், ஊருக்குச் சொல்லுமுன் டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷனுக்குப் பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது, பயத்தோடேயே போய்ப் படுத்தேன், பார்வை வந்தது.

இப்போது தடித்த கண்ணாடி. எல்லாம் பெரிதாக, பக்கத்தில் தெரிகிறது. தம்ளரை எடுக்கப் போனால், எட்டுவதற்குள் விரல்கள் மூடிக்கொள்கின்றன. அந்த விரல்களில் மங்கல் மறைத்திருந்த சுருக்கங்களை ஒரே நாளில் பார்த்தேன்.

நேற்று மகள் தானாகவே என் கையைப் பிடித்தாள். எதிரே பஸ்ஸைக் கண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"அது ரொம்ப தூரத்துல வரதுப்பா! இப்படி நின்னா எப்போ ஆத்துக்குப் போறது? வாங்கோ."

அவள் பேச்சை நம்பிக் காலை வைத்தேன். மறுபக்கம் சேர்ந்து, அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்து நிமிர்ந்த பிறகுதான் பஸ் எங்களைக் கடந்தது. அவ்வளவு நேரம் இருந்திருக்கிறது.