கைக்குட்டை வாங்கிய விற்பனைப் பெண்மணி

தியாகராய நகர்த் துணிக்கடை ஒன்றின் வேட்டிப் பிரிவில் அவரைச் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். வேட்டியை விரிக்கும்போதெல்லாம் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்; கொக்குக்குக்கூட அத்தனை பயிற்சி இராது. நானோ கடை தந்த மோருடன் ஸ்டூலில் அமர்ந்திருந்தேன்.

அப்பக்கம் வந்த மேனேஜரிடம் அவர் என் எதிரிலேயே கேட்டார்.

"சார், காலைலேர்ந்து நின்னுகினே கீறேன். ஒரு ஸ்டூல் குடுங்க. உக்காரலாம்னு சட்டமே கீது."

"அந்தச் சட்டத்தக் கூட்டிட்டு வாம்மா, அதையும் உக்கார வைக்கிறேன். ஸ்டூல் கஸ்டமருக்கு மட்டும்தான். உனக்கு வேலை வேணுமா, ஸ்டூல் வேணுமா?"

அவர் ஒரு கைக்குட்டையை எடுத்துச் சென்று கல்லாவில் காசு கட்டினார். பில்லுடன் திரும்பி என் பக்கத்து ஸ்டூலில் அமர்ந்தார்.

"இப்ப நானும் கஸ்டமர்தான் சார். எனக்கு மோர் இன்னாச்சு?"

சுற்றியிருந்தோர் சிரித்துவிட்டனர். மேனேஜர் அவர்களைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், பிறகு மோருக்குக் குரல் கொடுத்தார்.

முப்பது ஆண்டுகள் ஊழியர் மனுக்களில் 'பரிசீலிக்கப்படும்' என்றெழுதி, ஒன்றையும் பரிசீலிக்காமல், நற்பெயருடன் ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பெண்மணி என்னிடம் பணிபுரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பது இன்றும் விளங்கவில்லை. அன்று என் வேட்டியை நானே மடித்தேன், நின்றுகொண்டு.