புது நேரத்துப் பரீட்சை

மாரி மாதங்களில் எங்கள் வீடு முழுவதும் நனைந்த கொப்பிகளின் மணம் நிறைந்திருக்கும். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில், கருவாட்டைத் தொங்கவிடுவதுபோல, அக்காவின் கணக்குக் கொப்பியையும் என் விஞ்ஞானப் புத்தகத்தையும் அம்மா தொங்கவிடுவார். புகையேறிய அந்தத் தாள்களில்தான் நாங்கள் படித்தோம். கனகராயன்குளத்துக்கு அப்பால், காட்டோரத்தில் இருந்த எங்கள் குடியேற்றத்தை, குளம் நிரம்பி "வான் பாய", அதாவது மிகைநீர் வழிந்தோட, ஆரம்பித்தால் நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்துவிடும். கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நாங்கள். கடலையே பார்த்தறியாத நாங்கள் ஆண்டுதோறும் தீவுக்காரராகிவிடுவோம்.

தீவென்றாலும் பள்ளிக்கூடம் கட்டாயம். பதினான்கு வயதுவரை எந்தப் பிள்ளையையும் மறிக்கக்கூடாதென்று சட்டம் வந்தபோது, எங்கள் கணக்கு சேர், "கல்வியைக் கட்டாயமாக்கின ஆக்கள் அப்பிடியே ஒரு பாலத்தையும் கட்டாயமாக்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பாடத்திட்டமோ வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை. மின்கம்பமே இல்லாத ஊரில் நான் மின்சுற்றுப் படித்தேன். தண்டவாளமெல்லாம் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட்ட மண்ணில், இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் எங்கே சந்திக்கும் என்று அக்கா கணக்குச் செய்தாள். அதையும் என்ன அழகாகச் செய்வாள்! சாதாரண தரப் பரீட்சைவரை வந்த முதற்பிள்ளை எங்கள் குடியேற்றத்தில் அவள்தான். கணக்கில் சித்தியடையாவிட்டால் மேலே படிக்க முடியாது. அடைந்துவிட்டாலோ, "நம்ம சனத்துலயும் ஒரு டீச்சரம்மா வந்திருவாங்க, பாத்துக்கிட்டே இருங்க" என்று அப்பா வரப்பில் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இதற்கிடையே நேரச் சிக்கல் வேறு. கொழும்பு அரசு மணிக்கூட்டு முள்ளை அரை மணி முன்னே தள்ளியிருந்தது. போராளிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் பக்கம் அதை ஏற்கவில்லை. ஆகவே கடை, கோயில், வயல் எல்லாம் "பழைய நேரம்". கொழும்பிலிருந்து வரும் பரீட்சை மட்டும் "புது நேரம்". பிள்ளை குழம்பக்கூடாதென்று, பரீட்சைக்கு முதல்நாள் இரவே அப்பா வீட்டிலிருந்த ஒரே கடிகாரத்தைப் புது நேரத்துக்கு மாற்றிவைத்து, அதை அக்காவிடம் மட்டும் சொன்னார். முதல் வாரம் முழுவதும், காற்றடைத்த லொறி ரியூப்பில் பலகை கட்டி அப்பா வெள்ளத்தில் தள்ளிக்கொண்டு போக, அக்கா நேரத்துக்குப் போய் எழுதினாள்.

ஞாயிறு மாலைகளில் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அம்மாவின் வேலை. பிள்ளையார் கோயில் மணி கேட்டதும் முள்ளை ஒத்துப் பார்ப்பார். அன்றும் பார்த்தார். "இதென்னா இது, முந்திக்கிட்டு ஓடுது! புள்ளைக்குப் பரீட்ச நேரத்துல கடிகாரம் சரியா இருக்க வேணாமா?" என்று சொல்லி முள்ளைப் பின்னே திருப்பிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்; எனக்கும் ஒன்றும் தெரியாது.

மறுநாள்தான் கணக்கு. வானம் இருட்டிக்கிடந்ததால் கடிகாரத்தைத்தான் நம்பினோம். அக்காவின் மாற்றுச் சட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வெள்ளம் கூடியிருந்ததால் கடக்கவும் சுணங்கிவிட்டது. மண்டபத்து வாசலில், ஈரம் சொட்ட நின்ற அக்காவைக் கண்டு மேற்பார்வையாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அரை மணித்தியாலம் தாண்டினா உள்ள விட ஏலாது, பிள்ளை. என்ர கையில ஒண்டுமில்லையம்மா" என்றார்.

"புது நேரந்தாங்க ஐயா, நானே மாத்தி வச்சேனுங்க" என்று அப்பா கும்பிட்டபடி திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மனிதரும் கண்கலங்கினார். ஆனால் கதவு திறக்கவில்லை. அக்கா வேப்பமரத்தடியில் காத்திருந்து, இரண்டாம் வினாப்பத்திரத்தை மட்டும் உள்ளே போய் எழுதினாள். முதலாவது இல்லாமல் அது எந்த மூலைக்கு?

விஷயம் தெரிந்ததும் அம்மா, "இந்தக் கையை முறிச்சுப் போடுங்க" என்று தலையிலடித்து அழுதார். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

அடுத்த வருடம் எழுதலாமென்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த மாரிக்குள் மலேரியா அப்பாவைப் படுக்கையில் போட்டது. அக்கா கூலிக்குக் களை பிடுங்கப் போனாள். பிறகு கலியாணம். கணக்குக் கொப்பி எப்போது அடுப்புக்குள் போனதென்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மனம் வரவில்லை.

இப்போது அங்கே பாலம் இருக்கிறது. அப்பா இல்லை, அம்மா இல்லை. போருக்குப் பிறகு குடியேற்றத்தில் பாதிப்பேர் திரும்பி வரவேயில்லை. பழைய நேரம், புது நேரம் என்று சொன்னால் என் பிள்ளைகள் நான் கதை விடுவதாகச் சிரிக்கிறார்கள். போர் முடியுமுன்பே, அந்தப் பரீட்சை நடந்து சில ஆண்டுகள் கழித்து, கொழும்பே தன் முள்ளைப் பின்னே திருப்பி, நாடு முழுவதும் எங்கள் பழைய நேரத்துக்கே வந்துவிட்டது. வானொலியில் அந்தச் செய்தி சொன்னபோது நான் அக்காவின் குசினியில் இருந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் பிந்திப் போகேல்லை, என்ன?" என்றாள்.