மணாலிக்குக் கட்டிய பை

மணாலிக்குப் போக வேண்டியது என் அண்ணன். பை கட்டியது நான்.

விருத்தாசலத்தில் ஒரே பீங்கான் கம்பெனியில்தான் இருவரும் வேலை செய்தோம். அவன் சூளைக்குள் சாமான் அடுக்குவான். வெந்து வெளியே வந்ததை நான் அட்டைப்பெட்டியில் கட்டுவேன். அவனுக்குப் பனியைப் பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாப்பிடும்போதுகூட போனில் பனியில் சறுக்கி விழுகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். கூட்டாளிகள் மூன்று பேரோடு அடுத்த சித்திரையில் போவதாகப் பேசி, ஒரு வருஷம் முன்னாலேயே தடி ஜாக்கெட் ஒன்று வாங்கிவிட்டான்.

வாங்கியவன் சும்மா இருப்பானா? கூட்டாளி ஒருத்தர் ஐஸ் கம்பெனியில் இருந்தார். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அங்கே போய், ஐஸ் ரூமுக்குள் நின்று கதவைச் சாத்தச் சொன்னான். நான் வெளியே காவல். பத்து நிமிஷம் கழித்து வந்தான்.

"ஒடம்பு கதகதன்னு இருக்குதுடா. மூக்கு மட்டும் இருக்குதான்னு பாத்துச் சொல்லு."

ஆடி மாசம் அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. பதினோரு நாள்தான் இருந்தான். அதற்கு மேல் அதை எழுத எனக்கு வரவில்லை.

பங்குனி முடியும்போது அந்த ஐஸ் கம்பெனிக் கூட்டாளி வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, உங்க அண்ணன் எடம் காலியாவே இருக்குது. வேற ஆள ஏத்திக்க எங்களுக்கு மனசு வரல. நீ வரியா?"

யோசிக்காமல் சரி என்றேன். பிறகுதான் வெட்கமாக இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்திருக்கிறது. அவன் இருந்திருந்தால் என்னை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்தது.

சித்திரையில், கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அத்தை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"துக்கம் நடந்த வூடுடா இது. வருஷம் திரும்பாம மலை ஏறக் கூடாது. தெரியுமா தெரியாதா?"

"அது கோயில் மலை இல்ல அத்தை. சுத்திப் பாக்குற மலை."

"மலைன்னா மலைதான். அங்க சாமி இல்லன்னு ஒனக்கு எவன் சொன்னான்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா டீயை ஆற்றி அத்தைக்குக் கொடுத்ததோடு சரி. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் நான் நின்றிருப்பேன். அத்தை ஊருக்குத் திரும்பிய மறுநாளும் அம்மா வாய் திறக்கவில்லை. ரயிலுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. சரி, அம்மா கண் முன்னாலேயே பையைக் கட்டுவோம், முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம் என்று கூடத்தில் உட்கார்ந்தேன்.

எனக்குப் பெட்டி கட்டத்தான் தெரியும். கம்பெனியிலிருந்து வைக்கோல் கொண்டுவந்திருந்தேன். பைக்கு அடியில் மெத்தையாகப் பரப்பினேன். பருப்புப்பொடி டப்பா, எலுமிச்சை ஊறுகாய் பாட்டில், தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றி நடுவில் இறக்கினேன். இடுக்கு இடுக்காக வைக்கோலைத் திணித்து, தூக்கி ஆட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. சத்தம் வராவிட்டால் உடையாது, அதுதான் எங்கள் கணக்கு.

அம்மா முறத்தோடு வந்து நின்றாள்.

"துணி எங்கடா வெப்ப?"

அப்போதுதான் பார்த்தேன். பை ரொம்பிவிட்டது. சட்டை, பேண்ட், கம்பளி சாக்ஸ் எல்லாம் தரையில் கிடந்தன.

"நீ போறியா, ஊறுகா போவுதா?" என்றாள். ஆடிக்குப் பிறகு அம்மா என்னைக் கிண்டல் செய்தது அதுதான் முதல் தடவை. அவளே குனிந்து பாதி வைக்கோலை வாரி வெளியே போட்டாள். பாட்டிலைச் சாக்ஸுக்குள் நுழைத்தாள். டப்பாவை லுங்கியில் சுற்றினாள். பிறகு உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து அண்ணன் ஜாக்கெட்டை எடுத்து வந்தாள்.

"போட்டுக் காட்டு."

சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு நின்றேன். முதுகில் வேர்வை ஓடியது. கை நீளம், என் விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. அம்மா ஊசியில் நூல் கோத்தாள்.

"கழட்டிக் குடுக்கறேன் மா."

"கழட்டினா அளவு தெரியாது. இந்தா, இதக் கடிச்சிக்க." தரையில் கிடந்த வைக்கோல் ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தாள். போட்டிருக்கிற துணியில் தைத்தால் ஆகாது, வாயில் ஒரு துரும்பைக் கடித்துக்கொண்டால் தோஷமில்லை என்று எங்கள் வீட்டில் வழக்கம். கடித்துக்கொண்டால் பேசக் கூடாது. அம்மா அதற்காகவே காத்திருந்த மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"ஒங்க அத்த சொல்றது தப்பு இல்ல. ஆனா நான் ரெண்டு நாளா யோசிச்சேன். நீங்க மலை மேல பஸ்ஸுலதான போறீங்க? மலை ஏறுறது பஸ்ஸு. நீ சீட்டுல உக்காந்துகினு இருக்கப் போற. ஏறுற பாவம் பஸ்ஸுக்கு." கையை உள்ளே மடித்துப் பெரிய பெரிய தையலாகப் போட்டாள். "லூசாத்தான் தைக்கறேன். நீ இன்னும் வளருவ, அப்ப பிரிச்சிக்கலாம்."

எனக்கு வயசு பத்தொன்பது. இதற்கு மேல் எங்கே வளர்வது? வாயில் வைக்கோல், கண்ணில் தண்ணீர்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "துப்பு" என்றாள். துப்பினேன்.

"அங்க எறங்கி நடக்கணும் மா. பனி மேடா இருக்கும்."

அம்மா ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தாள். "சமமா இருக்குற எடத்துல நட."

"சரி மா."

ஜாக்கெட்டை மடித்துப் பைக்கு மேலேயே வைத்தாள். வழியில் குளிரினால் தேடாமல் எடுக்கலாமாம். ஜிப்பை இழுத்து மூடினாள். தூக்கி, என்னைப் போலவே ஒரு தரம் ஆட்டிப் பார்த்தாள். கீழே வைத்த பிறகும் பையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவன் போயிருந்தா அந்த மேட்டுல ஏறியிருப்பானா?"

"மொத ஆளா ஏறியிருப்பான் மா. ஏறி, அங்கேர்ந்து சறுக்கி விழுந்திருப்பான்."

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள். அடுப்படி நிலைப்படியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அத்தகிட்ட சொல்லாத."